டேலியாவுக்காக நான் விழுங்கிய சொல்

தவமணி தன் புருசனிடம் சொல்லும்படி என்னிடம் ஒரு சொல் சொல்லி அனுப்பினாள். நான் அதைச் சொல்லவில்லை. மறந்துபோகவில்லை... நேரம் கிடைக்காமலும் இல்லை. என் கல்யாணத்துக்கு டேலியாப் பூ வந்து சேர வேண்டும் என்பதற்காக வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவள் செத்துப்போனாள்.

இதுதான் விசயம். இனி நான் எதைச் சொன்னாலும் இதையே சுற்றிச் சுற்றித்தான் சொல்லப் போகிறேன். இவ்வளவும் போதும் என்றால் நீங்கள் எழுந்து போகலாம். போகாவிட்டால் கேளுங்கள். ஆனால் "பாவம், சின்ன வயது, உனக்கு அப்போது என்ன தெரியும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்குத் தெரியும்! அன்றைக்கும் தெரிந்துதான் இருந்தது.

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் எங்கள் ஊரில்லை. என் முகத்தைக் கண்டதில்லை. நாளைக்கு என் வீட்டுப் படலையில் வந்து நின்று ஏனடி இப்படிச் செய்தாய் என்று கேட்க மாட்டீர்கள். இதிலும் என் கோழைத்தனம் தெரிகிறதா? தெரியட்டும்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். வாவி என்று புத்தகத்தில் எழுதுவார்கள், நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் வயலும் மாடும் இயக்கமும். அந்தப் பக்கம், எழுவான்கரையில், றோட்டும் சந்தையும் ஆஸ்பத்திரியும் ஆமியும். நெருப்புப் பெட்டி முடிந்தாலும் ஆறு கடக்க வேண்டும். உயிர் தொண்டைக்கு வந்தாலும் ஆறு கடக்கத்தான் வேண்டும்.

சண்டை மும்முரமாய் நடந்த அந்த வருசங்களில், எங்கள் துறையிலிருந்து அக்கரைக்குப் போய்வர ஆமிக்காரன் பாஸ் கொடுத்திருந்தது ஒரேயொரு தோணிக்கு. அது சாமித்தம்பி மச்சானின் தோணி. மற்றவர்கள் கரையோரமாக வலை போடலாம், அவ்வளவுதான். நடு ஆற்றைத் தாண்டினால் அக்கரையில் ஆமியின் சென்றியிலிருந்து, காவலரணிலிருந்து, வெடி வரும். பிள்ளைத்தாய்ச்சியோ, பாம்பு கடித்தவனோ, காய்ச்சலில் பிதற்றுகிற குழந்தையோ... ஊருக்கே அந்த ஒரு தோணிதான். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் மனதிலும் இருந்ததுதான்.

சாமித்தம்பி மச்சானின் பெண்சாதிதான் தவமணி. நானும் அவளும் ஒரே குடி, ஒரே வகுப்பு, அடுத்தடுத்த வளவு. ஒரே குடி என்றால் எங்கள் பக்கத்தில் அக்கா தங்கச்சி முறை. அதனால் அவள் புருசன் எனக்கு மச்சான், நான் அவருக்கு மச்சாள். அவள் வெள்ளனவே கல்யாணம் முடித்தாள். நான் மலைநாட்டுக்கு ஆசிரியப் பயிற்சிக்குப் போனேன்.

அங்கேதான் டேலியாவைக் கண்டேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயத்து வாசலில், ஓட்டை வாளிக்குள்கூட அது பூத்து நிற்கும். சாப்பாட்டுக் கோப்பை அளவுப் பூ! இரத்தச் சிவப்பு, மஞ்சள், கத்தரிப்பூ நிறம்... முதன்முதலில் பார்த்தபோது கடுதாசிப் பூவோ என்று கையால் தொட்டுப் பார்த்தேன். அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், என் கல்யாணத்துக்கு இந்தப் பூதான் என்று.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். தவமணியும் சிரித்தாள்.

"மணமே இல்லாத பூவாம்! கோவா மாதிரி இரிக்குமாம்! அதத் தலையில வெச்சித்து நீ மணவறையில இருந்தா மாப்பிள என்னகா நினைப்பார்? மரக்கறிக் கடைக்குள்ள வந்தித்தன் எண்டெல்லுவா நினைப்பார்!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். கோவா என்றால் முட்டைக்கோசு. அதற்குப் பிறகு அந்தப் பூவுக்கு எங்கள் இரண்டு வளவிலும் கோவாப்பூ என்றே பெயர் ஆகிவிட்டது.

நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்ததைக் கண்டு அவளே சொன்னாள்: "சரி கா, உனக்கு அவ்வளவு ஆசையெண்டா கொண்டு வரத்தானே வேணும். நான் இவரை அனுப்புறன். ஒரு நாளைக்கி மீன் இல்லாட்டி செத்தா போவம்!"

அவளே சொன்னாள்... பார்த்தீர்களா. என் ஆசைக்குத் தன் புருசனை அனுப்ப முன்வந்தவளும் அவள்தான்.

அந்த வருசங்களில் நாங்கள் பூவைக் கண்டது செத்த வீடுகளில். கல்யாணங்கள் எல்லாம் பகலோடு பகலாக, ஒலிபெருக்கி இல்லாமல், ஏதோ களவு செய்கிற மாதிரி அவசர அவசரமாக நடந்து முடிந்தன. யாரையும் எதுவும் கேட்காமல், எது கிடைத்ததோ அதோடு வாழ்ந்துகொண்டிருந்தோம். எனக்கு ஒரு நாள், ஒரேயொரு நாள், கண் நிறைய ஏதாவது வேண்டும் என்றிருந்தது. ஆசைப்பட்டது குற்றமா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே நான் பல வருசம் என்னை ஏமாற்றிக்கொண்டேன். குற்றம் ஆசையில் இல்லை. அது துறையில் நடந்தது.

மாப்பிள்ளை அக்கரையில் ஆரையம்பதிப் பெடியன். அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் மலைநாட்டு வெலிமடையிலிருந்து மரக்கறி லொறி ஓட்டினார். கல்யாணத்துக்கு முதல்நாள் காலையில் கரட்டோடும் லீக்ஸோடும் இரண்டு பெட்டி டேலியாவும் ஆரையம்பதிச் சந்தைக்கு வரும் என்று ஏற்பாடு. அங்கிருந்து மச்சான் தோணியில் எடுத்து வர வேண்டும்.

நீங்கள் கேட்பீர்கள்... மாப்பிள்ளை வீட்டார் மறுநாள் ஆறு கடந்து வரத்தானே போகிறார்கள், அவர்கள் கையோடு கொண்டுவந்தால் என்ன? கொண்டு வந்திருக்கலாம். தலைக்கு வைக்க அது போதும். ஆனால் எனக்கு மணவறை முழுக்க அந்தப் பூ வேண்டும் என்று இருந்தது. மணவறையை முதல்நாள் பின்னேரமே சோடிக்க வேண்டும். அதற்காகத்தான். அந்த ஒரு பின்னேரத்துக்காகத்தான்!

முதல்நாள் விடிந்தது. கச்சான் காற்று வீசத் தொடங்கிய காலம், ஆறு கலங்கிக் கிடந்தது. மச்சான் இருட்டோடு எழுந்து வலை பார்க்கப் போய், மீனை இறக்கிவிட்டுத் துறையிலேயே இருந்தார். லொறி வந்திருக்கும் என்று அவருக்குச் சொல்ல நான் துறைக்கு வெளிக்கிட்டேன். கையில் இரண்டு சாக்கு, நனைத்துப் பூவை மூடுவதற்கு.

"ஈசு... இஞ்ச ஒருக்கா வா கா."

கிடுகு வேலிக்கு அப்பால் தவமணி நின்றாள். ஒரு கை இடுப்பில், மற்றக் கை வேலிக் கதியாலில். நெற்றி முழுக்க வேர்வை.

"நோவு தொடங்கித்து போல கிடக்கு. விட்டு விட்டு வருகுது."

"சூட்டு நோவா இரிக்கும், பிள்ள நோவில்ல. உனக்கு இன்னம் நாள் இரிக்குத்தானே?"

"தெரியா. முதல் புள்ளக்கி எனக்கென்ன தெரியும்... நீ துறைக்குத்தானே போறாய்? அவருக்கு மட்டும் சொல்லிரு, இண்டைக்கித் துறைய விட்டு எங்கயும் போக வேணாமெண்டு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "உன்ட பூ... குறை நினைக்காத கா. ஆசையா இருந்த நீ."

நோவோடு நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! என் பூ தவறிப் போகிறதே என்று!

"வேற ஆருக்கும் பறையாத, என்ன. எங்கட அம்மாக்கும் வேணாம். அவருக்கு மட்டும்."

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் பெண்கள் நோவு கண்டதும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எத்தனை பேர் காதில் விழுகிறதோ அவ்வளவுக்கு நோவு இழுக்கும் என்று ஒரு நம்பிக்கை. முற்றிய பிறகுதான் மருத்துவிச்சிக்கே ஆள் அனுப்புவார்கள். அதுவரை வேலையைச் செய்துகொண்டே பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். அதனால்தான் தவமணி ஒரேயொரு ஆளுக்குச் சொன்னாள். அந்த ஒரு ஆள் நான்.

"சொல்லுறன் கா, நீ போய்ப் படு" என்றேன்.

துறைக்குப் போகிற ஒழுங்கையில் என்னோடு நானே பேசிக்கொண்டு போனேன். சூட்டு நோவுதான், இவளுக்குப் போன கிழமையும் வந்தது. முதல் பிள்ளை, எப்படியும் இரவாகும். மச்சான் இப்போது போனால் மதியச் சோற்றுக்குத் திரும்பிவிடுவார். திரும்பிய பிறகு சொன்னால் போதும். பூவும் வந்துவிடும், அவரும் துறையில் இருப்பார்...

இப்படியெல்லாம் அன்றைக்கு நினைத்தேனா? அல்லது நினைத்ததாக இப்போது சோடித்துக்கொள்கிறேனா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. மணவறையின் நான்கு காலிலும் சிவப்பு டேலியா கட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மச்சான் தோணிக்குள் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"வா மச்சாள். வீட்டுப் பக்கத்தால தானே வந்த? தவம் எப்பிடி இரிக்கா? விடிய நான் வெளிக்கிடக்குள்ள நல்ல நித்திரை, எழுப்பல்ல."

அவரே கேட்டார்! நான் தேடிப் போய்ச் சொல்லவும் தேவையில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும். ஒரு சொல்... "நோவு" என்ற ஒரு சொல்!

"நல்லா இரிக்கா மச்சான்" என்றேன். "லொறி வந்திருக்கும், கெதியாப் போங்க. இந்தச் சாக்க நனைச்சி மூடுங்க. வெயில் பட விடாதீங்க, வாடிப் போகும்."

தொடக்கத்தில் உங்களிடம் நான் சொல்லவில்லை என்றேன் அல்லவா. அது பாதிதான். நான் பொய் சொன்னேன்.

மச்சான் சிரித்துக்கொண்டு தாங்கு கம்பை ஊன்றினார். "உன்ட கோவாப்பூ பத்திரமா வரும், பயப்படாத!" தோணி கலங்கிய தண்ணீரில் போயிற்று. நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் மருதோன்றி அரைத்தேன்.

மதியத்துக்குச் சற்று முன்னால் அக்கரையில் பெரிய சத்தம். றோட்டில் ஏதோ வெடித்திருக்கிறது. கரும்புகை எழும்பிற்று. பிறகு சென்றியிலிருந்து வெடி... நிற்காமல். எங்களுக்கு அது பழகிய கதை. இனி ஆற்றில் ஒரு தோணியும் இறங்கக் கூடாது. அக்கரையில் நிற்பவன் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

அரைத்த மருதோன்றியோடு அப்படியே இருந்துவிட்டேன். அந்த நேரத்திலாவது ஓடிப்போய் நான்கு பேரிடம் சொல்லியிருந்தால்? மருத்துவிச்சி முன்கூட்டியே வந்திருப்பாள். மாட்டு வண்டிலைக் கட்டிக்கொண்டு வேறு துறை ஏதாவது பார்த்திருக்கலாம். ஆனால் சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே! வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அங்கே தவமணி என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? புருசன் துறையில் இருக்கிறான், முற்றியதும் ஆள் அனுப்பினால் ஓடி வருவான் என்று நினைத்துக்கொண்டு தைரியமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். தாங்க முடியாமல் கத்திய போதுதான் அவள் அம்மாவுக்கே தெரிந்தது. துறைக்கு ஓடிய ஆள் வெறுங்கையோடு திரும்பி வந்து, சாமித்தம்பி பூவுக்குப் போனவன் அக்கரையில் மாட்டிக்கொண்டான் என்று சொன்னான்.

பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை, நல்லாய்க் கத்திற்று. கொஞ்ச நேரம் எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். தப்பினேன் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்... அவள் தப்பினாள் என்றல்ல, நான் தப்பினேன் என்று!

பிறகு மருத்துவிச்சி வெளியே வந்தாள். முழங்கை வரைக்கும் இரத்தம்.

"நஞ்சுக்கொடி வரல்ல. ரெத்தம் நிக்கிதில்ல. ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க, என்னால ஏலா."

சாக்குக் கட்டிலோடு தூக்கித் துறைக்குக் கொண்டு போனோம். ஊரே கூடிற்று. இரண்டு பேர் துணிந்து ஒரு சின்னத் தோணியை இறக்கினார்கள், வெள்ளைச் சீலையைக் கம்பில் கட்டி ஆட்டிக்கொண்டு போனார்கள். நடு ஆறு வரவும் முன்னால் தண்ணீர் பொத்துப் பொத்தென்று தெறித்தது. வெடி. திரும்பி வந்துவிட்டார்கள். அவர்களை யார் குறை சொல்ல முடியும்? அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது.

அக்கரையில் மச்சானின் தோணி ஒரு கறுப்புக் கோடு மாதிரித் தெரிந்தது. தவமணி அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தாள். முகம் பச்சைத் தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது. அவள் அம்மா தண்ணீரோரம் நின்று அக்கரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். மருத்துவிச்சி கால்மாட்டில். தலைமாட்டில் நான்.

தவமணி என் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"ஈசு... அவருக்குச் சொன்ன நீதானே?"

என் காதுக்கு மட்டும் கேட்கிற குரல். கோபம் இல்லை, சந்தேகமும் இல்லை. உறுதி செய்துகொள்வதற்காகக் கேட்டாள்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? "இல்லை கா, நான் சொல்லவில்லை, பூவுக்காக மறைத்துவிட்டேன், என்னை மன்னி" என்று சொல்லியிருக்க மாட்டீர்களா? ஒரு மனுசிக்குப் பிறந்த யாரும் அதைத்தானே சொல்லியிருப்பார்கள்?

நான் "ஓம்" என்றேன்.

"ஓம் கா, சொன்னனான்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்தாள்.

"சொல்லியும் போயித்தார்..."

அவ்வளவுதான். அழவில்லை. பிறகு சுற்றி நின்றவர்களிடம், "என்ன அங்கால திருப்பி விடுங்க" என்றாள். தண்ணீரில் வெயில் அடித்துக் கண் கூசுகிறது போல என்று எல்லோரும் நினைத்தார்கள். கட்டிலைத் தூக்கி வயல் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். அவளுக்கு ஏன் ஆற்றைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

பொழுது படுவதற்குள் அவள் போய்விட்டாள். முகத்தை வயல் பக்கம் வைத்துக்கொண்டே போனாள்.

தன்னைக் கைவிட்டுவிட்டுப் போனவன் என்று புருசனை நினைத்துக்கொண்டு ஒருத்தி செத்தாள். அந்த மனிசனோ... ஐயோ, அந்த மனிசன்! அவள் தும்மினால் வலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறவர்!

மறுநாள் வெளித்ததும் துறையைத் திறந்துவிட்டார்கள். செத்த வீட்டில் இருக்க முடியாமல் நான்தான் முதலில் துறைக்கு ஓடினேன். சொல்லிவிட வேண்டும், எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஓடினேன். நம்புங்கள். நம்பாவிட்டாலும் சரிதான்.

தோணி வந்து மண்ணில் ஏறிற்று. மச்சான் இரண்டு பெட்டியையும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கண் சிவந்திருந்தது. சிரித்தார்.

"இஞ்ச பார் மச்சாள், ஒரு இதழும் உதிரல்ல! சாக்கு காயக் காயத் தண்ணி தெளிச்சித் தெளிச்சி வெச்சிருந்தன். நேத்துப் பின்னேரம் இஞ்ச கரையில சனம் நிண்டதக் கண்டன். கல்யாணச் சனமெல்லாம் பூவப் பாத்துக் காத்து நிக்கிதாக்கும் எண்டு எனக்குச் சரியான கவல."

பெட்டிகளை என் காலடியில் வைத்தார். அப்போதுதான் ஊருக்குள்ளிருந்து ஒப்பாரி கேட்டது. அவர் தலையை நிமிர்த்தி, "ஆர் வீடு மச்சாள்?" என்று கேட்டார்.

நான் சொல்ல வந்ததில் ஒன்றைத்தான் சொன்னேன். அவள் செத்ததை.

அந்தப் பூவையெல்லாம் அவரே கொண்டுபோய் அவள் மேல் பரப்பினார். சிவப்பும் மஞ்சளும் கத்தரிப்பூ நிறமும்... "கோவாப்பூ எண்டு சிரிப்பாளே" என்று சொல்லிச் சொல்லி அழுதார். நான் மணவறையில் எப்படிக் கட்ட வேண்டும் என்று கனவு கண்டேனோ, அவ்வளவு வடிவாக இருந்தது அந்தப் பாடை. இதைச் சொல்ல எனக்கு நாக்கூசுகிறது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இதை மட்டும் மறைப்பானேன்?

ஒரே குடி என்பதால் எங்களுக்கும் சாவுத் துடக்கு, தீட்டு. கல்யாணம் தள்ளிப் போயிற்று. துடக்கு கழிந்து நடந்த போது தலையில் ஒரு மல்லிகை மொட்டுக்கூட வைக்க மாட்டேன் என்றேன். ஊர் என்ன சொன்னது தெரியுமா? சிநேகிதிக்காகப் பூ வைக்காமல் தாலி கட்டிக்கொண்டவள், தங்கமான மனசு! இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்தப் புகழ்ச்சியைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருக்கும். கத்தியதில்லை.

தவமணியின் அம்மா ஒரு நாள் என் கையைப் பிடித்து, மகளே என்கிற மாதிரி மனே என்று கூப்பிட்டுச் சொன்னாள்: "உன்னில என்ன பிழை மனே? அவள்தானே நோவ மறைச்சவள். வாயத் திறந்து ஒருத்தருக்குச் சொல்லியிருந்தா என்ர புள்ள இருந்திருக்கும்." பழி செத்தவள் தலையில் விழுந்தது. அதையும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் குழந்தையை அவள் அம்மாவும் நானும்தான் வளர்த்தோம். தர்சினி. பால்மாக் கரைத்துப் பருக்கினேன், பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப் போனேன், பெரிய பிள்ளையான போது தண்ணீர் வார்த்தேன். எனக்குப் பிறந்த பிள்ளைகளைவிட அவளை அதிகம் பார்த்தேன். பாசமா, பயமா? இரண்டையும் பிரித்தறிய முயன்று பார்த்துவிட்டேன்... முடியவில்லை. மச்சான் இன்னொரு கல்யாணம் செய்யவில்லை. அந்த நாளைப் பற்றி என்னிடம் இன்றைக்கு வரைக்கும் பேசியதும் இல்லை.

சண்டை முடிந்தது. ஆற்றுக்கு மேலே பாலம் வந்தது. இன்றைக்கு அந்தப் பாலத்தால்தான் டேலியா வந்தது.

ஓம், டேலியா. தர்சினிக்கு நாளைக்குக் கல்யாணம். என்ன பூ வேண்டும் மனே என்று கேட்டதற்கு, யோசிக்காமல் சொன்னாள்: "டேலியாதான் பெரியம்மா. அப்பா அம்மாக்குக் கடைசியாக் கொண்டு வந்த பூ அதுதானே." மச்சான் மகளுக்கு அப்படித்தான் சொல்லி வளர்த்திருக்கிறார், அம்மாவுக்குப் பூ எடுக்கப் போனேன் என்று. என் பெயரை அந்தக் கதையிலிருந்து எடுத்தேவிட்டார், என் மனம் நோகக் கூடாது என்று!

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரேதான் வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என் காலடியில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். உள்ளே பெண்கள் சிரித்துக்கொண்டு பலகாரம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்டு கேக்கணும் மச்சாள். இவ்வளவு காலமும் கேக்கல்ல." தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அண்டைக்கி விடிய நீ அவளக் கண்டுதானே துறைக்கு வந்த? உனக்கு அவள் ஒண்டும் சொல்லல்லயா?"

வந்துவிட்டது. நான் பயந்து பயந்து காத்திருந்த கேள்வி. ஒருவேளை ஆசைப்பட்டுக் காத்திருந்த கேள்வியும் அதுவாக இருக்கலாம். சொல்லியிருக்கலாம்! நாளைக்குப் பிள்ளைக்குக் கல்யாணம், இன்றைக்கு எப்படி என்று நினைத்தேன். அதுவும் சோடித்த காரணம்தான்.

"இல்ல மச்சான்."

அவர் தலையை ஆட்டினார்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லி விட்டிருந்தா நான் போயிருப்பனா? பூவாவது மண்ணாவது! என்னை ஒரு மனிசனா நினைச்சிச் சொல்லல்லயே அவள்... செத்தவளில கோவப்படக் கூடாது, தெரியும். எண்டாலும் இந்தக் கோவம் எனக்கு ஆறுதில்ல மச்சாள். இண்டைக்கும் அவள்ட படத்துக்கு முன்னால நிண்டா அதத்தான் கேக்கன். ஏன்டி எனக்குச் சொல்லல்ல எண்டு."

கேட்டீர்களா? சொல்லியும் போய்விட்டார் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு செத்தாள். சொல்லாமல் செத்தாளே என்று இவர் அவள் படத்தோடு சண்டை பிடித்துக்கொண்டு வாழ்கிறார். இரண்டு பேருக்கும் கொடுக்க வேண்டிய சொல் என் வாய்க்குள் கிடக்கிறது. அவளுக்கு இனிக் கொடுக்க முடியாது. இவருக்கு இப்போதே கொடுக்கலாம். இதோ, எதிரே கதிரையில் இருக்கிறார்...

உள்ளேயிருந்து தர்சினி ஓடி வந்தாள். பெட்டியைத் திறந்து, ஒரு சிவப்புப் பூவை எடுத்துத் தலைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதே சிரிப்பு.

"பெரியம்மா, நாளைக்கி நீங்கதான் எனக்குப் பூ வெச்சி விடணும். வேற ஆரையும் விட மாட்டன். அம்மா இருந்தாலும் உங்களத்தான் வெக்கச் சொல்லியிருப்பா, என்னப்பா?"

"பின்ன, அவவ விட்டா ஆர் இரிக்கா" என்றார் மச்சான்.

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓம் மனே" என்றேன்.

எவ்வளவு லேசாக வருகிறது பாருங்கள், இந்த வாய்க்கு அந்த ஓம்.